பொறுப்புக்கு வந்தவர் தன்னைப் பார்க்கக் கற்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் லைன் சூப்பர்வைசர் ஆகிறார். கோவை கணபதியிலோ குறிச்சியிலோ வார்ப்படக் கூடத்தில் அச்சு தயாரிக்கும் மோல்டிங் பிரிவில் வேலை பார்த்தவர் ஷிப்ட் பொறுப்பாளர் ஆகிறார். பெருந்துறை சிப்காட்டில் டிப்ளமோ முடித்துச் சேர்ந்தவரின் கையில் சில ஆண்டுகளிலேயே 20 பேர் கொண்ட குழு ஒப்படைக்கப்படுகிறது. இவர்கள் எல்லோருக்கும் வேலை தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க யாராவது இருந்திருப்பார்கள். ஆனால் தன்னுடைய குரலும் முகமும் அவசரமும் விருப்பு வெறுப்பும் அந்த 20 பேரின் கைவேகத்தையும் மனநிலையையும் எப்படி மாற்றுகின்றன என்பதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. அதைத் தாமாகவே கண்டறிய விரும்பும் புதியவர்களுக்காக, பொறுப்பேற்ற முதல் வாரத்திலிருந்து செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

தன்னை அறிவது என்றதும், தனியே அமர்ந்து தன் குணங்களை எண்ணிப் பார்ப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் இருவரும் 1955இல், ஒருவரைப் பற்றிய செய்திகளை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: தனக்கும் பிறருக்கும் தெரிந்தவை, தனக்கு மட்டும் தெரிந்தவை, பிறருக்கு மட்டும் தெரிந்தவை, யாருக்குமே தெரியாதவை. பொறுப்பில் இருப்பவரைச் சறுக்க வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்டம்தான். அதில் இருப்பதை எத்தனை நேரம் தனியே யோசித்தாலும் கண்டுகொள்ள முடியாது. வேறொருவர் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

கொங்கு நாட்டில் மரியாதை பேச்சிலேயே ஊறியிருக்கிறது. மேலே இருப்பவர் சொல்வது தவறென்று தெரிந்தாலும், "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போக்கில் வேலையைச் சமாளித்துக்கொள்கிறவர்களே அதிகம். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது வளர்ப்புக்கு அழகில்லை என்று நாம் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். இந்தப் பண்பை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் தொழிற்கூடங்களில் சண்டையில்லாமல் வேலை நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் நாள் முழுதும் கேட்கும் சம்மதக் குரல்களை மட்டும் வைத்துத் தன்னை எடைபோடும் மேற்பார்வையாளர், எல்லோரும் தன்னோடு ஒத்துப்போகிறார்கள் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். ஆகவே மரியாதையைக் குலைக்காமலே உண்மை தம்மிடம் வந்து சேரும்படி ஒரு வழியை அவரே அமைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

முதல் படி: எழுதிப் பார்த்தல்

முதல் இரண்டு வாரங்களுக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறித்தால், சூப்பர்வைசர் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றுதான் லைனில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், அன்று உங்கள் குரல் உயர்ந்த அல்லது முகம் இறுகிய ஒரு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பு என்ன நடந்தது, அப்போது உடலில் என்ன தெரிந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள் அல்லது செய்தீர்கள், அதன் பிறகு வேலை என்ன ஆனது என்று நான்கைந்து வரிகள் எழுதுங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நீங்கள் சத்தம் போட்ட அடுத்த ஒரு மணி நேரத்தில் உற்பத்தி ஏறியதா, திருத்தித் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ் கூடியதா, யாராவது தண்ணீர் குடிக்கப் போய் நீண்ட நேரம் திரும்பாமல் இருந்தார்களா என்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும் செய்திகள். அந்த ஒரு மணி நேரத்து எண்ணிக்கையைத் தேதியோடு எழுதுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று எழுத வேண்டாம். அந்தக் கேள்வி ஒன்று தன்னையே நொந்துகொள்வதில் முடியும், இல்லாவிட்டால் சாக்குச் சொல்வதில் முடியும். இரண்டினாலும் மறுநாள் வேலைக்குப் பயனில்லை.

இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, கோபம் வருவதற்கென்று சில நேரங்கள் இருப்பது தெரியவரும். சிலருக்கு முதலாளியிடமிருந்து போன் வந்த பிறகு, சிலருக்கு சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்களில் பாதிப் பேர் வராத திங்கட்கிழமை காலையில், சிலருக்கு சரக்கை வாங்கும் பையர் வருவதற்கு முந்தைய நாளில். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களில் மின்தடை முடிந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கும் வேளை அப்படிப்பட்டதாக இருக்கலாம். அந்த நேரம் எது என்று தெரிந்துவிட்டால், அது வருவதற்கு முன்பே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

தூக்கத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஷிப்மென்ட் நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று தொடர்ந்து நிற்பது நம்மிடம் பெருமையாகவே பேசப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. வண்டியை ஓட்டவே தகுதியில்லாத நிலையில் இருக்கும் ஒருவர், இரவு 11 மணிக்கு ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். இரவில் ஆட்களைப் பற்றிய எந்த முடிவையும் எடுப்பதில்லை, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு விதியை இப்போதே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: தவறுக்கு நாம் சொல்லும் காரணம்

எட்வர்ட் ஜோன்ஸ், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நாம் செய்ததற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம், அதையே பிறர் செய்தால் அவருடைய குணத்தைக் காரணம் காட்டுகிறோம் என்பது அது. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பெர்ட்ராம் மாலே, இது எல்லா நிகழ்வுகளுக்கும் பொருந்தவில்லை என்றும், கெட்டது நடக்கும்போதுதான் பொருந்துகிறது என்றும் 2006இல் காட்டினார். மேற்பார்வையாளரின் நாளில் பேச்சுக்கு வருவது பெரும்பாலும் கெட்டது நடந்த வேளைகள்தான் என்பதால், நமக்கு இது நேராகவே பொருந்தும். கட்டிங்கில் அளவு தப்பினால் "அவன் கவனமில்லாதவன்" என்கிறோம். நாம் கொடுத்த அளவுச்சீட்டில் பிழை இருந்தால் ஆர்டர் விவரங்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேல் போட்டு, "அவர் கடைசி நேரத்தில் மாற்றினார்" என்கிறோம்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, அந்த வாரத்தில் பிறர் செய்த தவறுகளில் மூன்றுக்கு நீங்கள் சொன்ன காரணங்களை ஒரு புறமும், உங்கள் தவறுகளில் மூன்றுக்குச் சொன்ன காரணங்களை மறுபுறமும் எழுதுங்கள். பிறகு இடமாற்றிப் பாருங்கள்: அந்தத் தொழிலாளியின் சூழ்நிலை என்னவாக இருந்தது, என் பழக்கத்தில் எது அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது? இதற்கு மேல் இந்தப் படியில் செய்ய எதுவுமில்லை.

மூன்றாம் படி: யாரிடம் எந்தக் குரல்

இது சற்று வலிக்கும் படி. பலரும் தவிர்த்துவிடுவார்கள், ஆனால் நம் ஊரில் இதைத் தவிர்த்தால் மற்றவை எல்லாம் மேலோட்டமாகிவிடும்.

ஒரு நாள் முழுவதும் நீங்கள் யாரை எப்படி அழைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டிங் மாஸ்டரிடம் "வாங்கண்ணா, ஒரு நிமிசமுங்க" என்று பேசும் அதே வாய், பிசிர் வெட்டும் பெண்ணை எப்படிக் கூப்பிடுகிறது? தைப்பவருக்கு உதவியாக நிற்கும் கைமடிப் பையனுக்குப் பெயர் இருக்கிறதா, அல்லது "டேய்" மட்டும்தானா? உங்களைவிட வயதில் மூத்த துப்புரவுப் பணியாளரை ஒருமையில் அழைக்கிறீர்களா? "தம்பி", "அம்மிணி" என்று உரிமையோடு அழைப்பதற்கும், ஆளை மதிக்காமல் அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு அழைக்கப்படுபவருக்கு உடனே தெரியும்; அழைப்பவருக்குத்தான் தெரிவதில்லை.

இந்த வேறுபாடுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவை பதவியை ஒட்டி மட்டும் அமைந்திருக்கவில்லை என்பது பலருக்கும் தெரியவரும். சாதி, சொந்த ஊர், முதலாளிக்கு உறவு, பெண், வடமாநிலத்தவர் என்ற கணக்குகள் நாம் அறியாமலே உள்ளே வேலை செய்கின்றன. டீ நேரத்தில் யாரோடு நிற்கிறோம், லீவு கேட்டால் யாருக்கு உடனே தலையசைக்கிறோம், யாரிடம் மட்டும் நூறு கேள்வி கேட்கிறோம் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாத லீவுப் பதிவேட்டை எடுத்து, மறுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பார்ப்பது இதற்கு மிக நேரான வழி. நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும். பதிவேடு அப்படிப் பேசாது.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் பேசும் தமிழ் அவர்களுக்கு முழுதாகப் புரியாததால், உங்கள் முகம், கையசைவு, குரலின் ஏற்றம் ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் உங்களை அறிகிறார்கள். தமிழ்த் தொழிலாளியிடம் அதட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தில் சிரித்துச் சமாதானம் செய்கிறீர்கள். அந்தச் சமாதானம் இவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை, அதட்டல் மட்டும்தான் சேர்கிறது.

நான்காம் படி: கேட்டுப் பெறுதல்

இப்போதுதான் பிறரிடம் கேட்கும் வேளை. ஏன் இவ்வளவு தாமதம் என்றால், தன்னைப் பற்றிய குறிப்புகள் கையில் இல்லாதவர் கேட்கும் கேள்வி பொதுவானதாக இருக்கும். பொதுவான கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. "நான் எப்படிங்க நடந்துக்கறேன்?" என்று கேட்டால், "உங்களுக்கென்னங்க, நல்லாத்தான் பாத்துக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நடந்து முடிந்த ஒரு நிகழ்வைப் பிடித்துக் கேளுங்கள். அதிலும் உங்கள் குணத்தைப் பற்றிக் கேட்காமல் அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். "நேத்து பேட்லாக் மெஷின் நின்னப்ப நான் எதை வேற மாதிரி செஞ்சிருந்தா உங்களுக்கு வேலை சுலுவா இருந்திருக்குமுங்க?" என்று கேட்டால், பதில் சொல்பவர் உங்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை, வேலைக்கு ஒரு யோசனை சொல்கிறார், அவ்வளவுதான். மரியாதை குலையாமல் உண்மை வருவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேர் போதும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் ஒருவர், உங்களுக்கு இணையான வேறு பிரிவினர் ஒருவர், அந்த இடத்தில் நெடுநாள் இருக்கும் மூத்தவர் ஒருவர். செக்கிங் பிரிவில் இருப்பவர் இணையானவருக்கு நல்ல தேர்வு, ஏனென்றால் உங்கள் லைனின் மோசமான நாட்கள் எல்லாம் அவர் மேசைக்கு வந்து சேர்கின்றன. மூவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாக நிற்க வைத்துக் கேட்டால் முதலில் பேசுபவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

பதில் வரும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். "இல்லீங்க, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று நீங்கள் தொடங்கிய கணத்தில் எதிரில் இருப்பவர் பின்வாங்கிவிடுவார்; அடுத்த முறை கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். நன்றி சொல்லுங்கள். அவர் எதிரிலேயே எழுத வேண்டாம், பிறகு எழுதிக்கொள்ளுங்கள். ஓரிரு நாட்களுக்குள் திரும்பப் போய், நீங்கள் சொன்னதில் இதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சரிபார்க்கக் கூடாது. சிறிய கூடங்களில் யார் சொன்னார்கள் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூவரும் சொல்வது ஒத்துப்போனால் அதை முழுதாக நம்பலாம். ஒருவர் மட்டும் சொன்னால் மறுக்காமல், முடிவும் செய்யாமல், இன்னும் ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். பிறர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

சொற்களில் வராத பதிலும் உண்டு. ஏற்றுமதி ஆடைத் தொழிற்கூடங்களில் தைக்கும் ஊசி உடைந்தால், துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஒரு துண்டு கிடைக்காமல் போனால், அருகிலுள்ள பீஸ்களை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைகள் போடும் சட்டைக்குள் உலோகத்துண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கட்டுப்பாடு. இப்போது உங்கள் லைனின் ஊசிப் பதிவேட்டைப் பக்கத்து லைனின் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். அதே துணி, அதே மெஷின், அதே அளவு உற்பத்தி. ஆனால் உங்கள் பதிவேட்டில் மட்டும் ஊசி உடைவது மிகக் குறைவாக இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். உடைந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சி, சொந்தக் காசில் வாங்கிய ஊசியை யாராவது மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; ஆனால் நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பதே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உங்களிடம் வந்து சேரும் கெட்ட செய்திகளின் எண்ணிக்கையும், அவை எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கின்றன என்பதும், உங்களைப் பற்றி உங்கள் குழு என்ன நினைக்கிறது என்பதற்கு நான் அறிந்த மிக நம்பகமான அளவுகோல்கள்.

இந்தப் படியில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கருத்துக் கேட்கும்போது ஒரு பெண் தொழிலாளி பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால், அது உங்களுக்கான யோசனை அல்ல, புகார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அவரை அங்கே சேர்ப்பது உங்கள் கடமை, நீங்களே விசாரித்துச் சமாதானம் செய்துவைப்பது கூடாது. மற்றது, முதலாளியின் மகனாகவோ மருமகனாகவோ பொறுப்புக்கு வந்தவர்களுக்கு. பொறியியல் முடித்து அப்பாவின் தொழிற்கூடத்துக்கு வரும் இளைஞர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களிடம் உள்ளே இருக்கும் யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை, எத்தனை அழகாகக் கேட்டாலும். உங்களைச் சார்ந்து பிழைக்காத ஒருவரை நாடுங்கள்: ஓய்வுபெற்ற போர்மேன், பல கம்பெனிகளுக்கும் போய்வரும் மெஷின் மெக்கானிக், வேறு தொழிற்கூடத்தில் இதே நிலையில் இருக்கும் நண்பர்.

ஐந்தாம் படி: ஒன்றே ஒன்றை மாற்றுதல்

கிடைத்த குறிப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்பது திட்டமாகாது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று நிகழ்வையும் செயலையும் சேர்த்து முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். "மெஷின் நின்றால், முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன், மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் எப்படி நின்றது என்று கேட்பேன்" என்பது அத்தகைய திட்டம். அதைக் குழுவினரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட பிறகு அதை மீறுவது உங்களுக்குக் கடினமாகும். மீறினால் நினைவூட்டும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்கிறது. யாராவது நினைவூட்டினால் அன்றைக்கு நீங்கள் காட்டும் முகத்தைப் பொறுத்துத்தான் மற்றவை எல்லாம் நிற்கும்.

இதோடு சேர்த்து, முடிவுகளையும் எழுதி வையுங்கள். முக்கியமான ஒரு முடிவை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதிவைத்து, 9 அல்லது 12 மாதங்கள் கழித்து நடந்ததோடு ஒப்பிடும்படி மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்னார். பனியன் தொழிலில் ஒரு ஆர்டர் முடிவதே போதுமான கால அளவு. வார்ப்படத் தொழிலில் ஒரு புதுப் பேட்டர்ன் (அச்சு எடுப்பதற்கான மாதிரி) உற்பத்திக்கு வந்து நிலைபெறும் வரை காத்திருக்கலாம். யாரை எந்த மெஷினில் போட்டோம், யாரை நம்பி வேலையை ஒப்படைத்தோம் என்ற முடிவுகளை இப்படிச் சரிபார்த்தால், ஆட்களை எடைபோடுவதில் நமக்குள்ள சாய்வு எந்தப் பக்கம் என்பது சில ஆர்டர்களிலேயே தெரிந்துவிடும்.

மறுபடி கேட்க வேண்டிய காலம்

மூன்று மாதம் கழித்து அதே மூவரிடம், நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஒன்றைப் பற்றி மட்டும் மறுபடி கேளுங்கள். நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சு நடக்கும் வாரங்களில் கேட்டால் புகழ்ச்சி மட்டுமே கிடைக்கும். சனிக்கிழமை சம்பள நேரத்திலும் கேட்க வேண்டாம், ஷிப்மென்ட் வாரத்திலும் வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, லைன் மறுபடி நிரம்பி ஒரு வாரம் ஆன பிறகு கேட்பது நல்லது. ஊரில் இருந்தபோது வேலையைத் தள்ளி நின்று யோசித்திருப்பார்கள், இங்கேயே தொடர்வது என்று முடிவுசெய்துதான் திரும்பியிருப்பார்கள். திரும்பி வராதவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவருக்காவது போன் செய்யுங்கள். கணக்குப் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொடுத்துவிட்டு, நான் எதை வேறு மாதிரி செய்திருந்தால் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.